சிறு படகில் கார்ப்பெட் ஒட்டிய பிளைவுட் தளத்தைப் பொருத்துவது எப்படி?

சிறிய அலுமினியப் படகோ ஃபைபர் படகோ கைக்கு வந்ததும் பலரும் முதலில் இறங்கும் வேலை தளம் போடுவது. வங்குகளின் (படகின் உட்புற விலாச் சட்டங்களின்) மேல் பிளைவுட் பலகையை வைத்து அதில் கார்ப்பெட் ஒட்டிவிட்டால் நிமிர்ந்து நின்று தூண்டில் போடலாம். வெயிலில் கால் சுடாது, பெட்டிகள் உருளும் ஓசையும் அடங்கிவிடும். பலகை அறுப்பது, கார்ப்பெட் ஒட்டுவது எல்லாம் ஓரளவு கைப்பழக்கம் உள்ளவர் எவரும் செய்துவிடக்கூடியவைதான். சிக்கல் அந்தப் பலகையைப் படகில் பூட்டும்போது தொடங்குகிறது. டிரில்லை வைத்த நொடியில் கார்ப்பெட்டின் நூல் பிட்டில் சுற்றிக்கொண்டு நீளமாக உருவி வந்துவிடுகிறது. அடுத்த சில மாதங்களில் ஸ்க்ரூக்கள் தளர்ந்து ஆடுகின்றன. ஓரிரு ஆண்டுகளில் பலகையைத் தூக்கினால், ஒவ்வொரு ஸ்க்ரூவைச் சுற்றியும் மரம் கறுத்து இற்றுப்போயிருக்கிறது.

இவை மூன்றையும் தவிர்க்கலாம். இரண்டு விஷயங்களை மனத்தில் வைத்துக்கொண்டால் போதும். பலகையில் போடும் ஒவ்வொரு துளையும் தண்ணீர் நுழையும் வழி. இன்று பூட்டும் தளத்தை என்றாவது ஒருநாள் கழற்றியே ஆக வேண்டும். கீழே சொல்லும் ஒவ்வொரு வேலையும் இந்த இரண்டிலிருந்து பிறந்ததுதான்.

அலுமினியப் படகை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். ஃபைபர் படகுக்கு மாற வேண்டியவற்றைப் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

தளத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

பலகை வாங்கும் முன் படகைக் காலியாக்கி, அடிப்பகுதியைக் கழுவித் துடைத்து, பொறுமையாகப் பாருங்கள். எரிபொருள் குழாய் எந்த வழியாகப் போகிறது, மின்கம்பிகள் எங்கே ஓடுகின்றன, நீரிறைக்கும் பம்ப் எங்கே இருக்கிறது என்பதைத் தாளில் வரைந்துகொள்ளுங்கள். தளம் மூடிய பிறகு அந்தத் தாள்தான் உங்கள் கண். துளை போடும் நாளில் அதைப் பக்கத்திலேயே வைத்திருங்கள்.

வங்குகளுக்கு இடையில் மிதவை ஃபோம் இருந்தால் அதை எடுத்து எறியாதீர்கள். படகுக்குள் தண்ணீர் புகுந்தாலும் அது மூழ்காமல் இருப்பது அந்த ஃபோமால்தான். ஊறிக் கனத்துப் போயிருந்தால் அதே அளவு புதிய ஃபோம் வையுங்கள். வங்குகளின் அடியில் தண்ணீர் அமரத்தை (படகின் பின்புறத்தை) நோக்கி வடிந்து போவதற்குச் சிறு திறப்புகள் இருக்கும். அவை அடைபடக் கூடாது. தளத்துக்குக் கீழே தண்ணீர் தேங்கிவிட்டால் மேலே நீங்கள் எவ்வளவு கவனமாக வேலை செய்திருந்தாலும் பயனில்லை.

அடுத்து உயரம். தளம் எவ்வளவு உயர்கிறதோ அவ்வளவுக்கு நிற்பவரின் எடையும் மேலே ஏறும், படகு பக்கவாட்டில் ஆடுவதும் கூடும். 2440 × 1220 மில்லிமீட்டர் அளவுள்ள 12 மி.மீ. பிளைவுட் பலகை ஏறக்குறைய 20 கிலோ எடை இருக்கும். பசை, கார்ப்பெட், சட்டம் எல்லாம் அதற்கு மேல். படகு தாங்கும் எடையிலிருந்து இதைக் கழித்துவிட்டுத்தான் ஆட்களையும் சாமான்களையும் கணக்கிட வேண்டும். முடிந்தவரை தாழ்வாகத் தளம் போடுங்கள் என்பதே என் அறிவுரை. அணியத்தில் (படகின் முன்புறத்தில்) மட்டும் சற்று உயர்ந்த மேடை வேண்டுமானால் அதைச் சிறியதாக வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டமும் பலகையும்

படகின் வெளித்தகட்டில் எந்தக் காரணத்துக்காகவும் துளை போடாதீர்கள். வங்கின் மேல் நேரடியாகப் பூட்டுவதும் பல படகுகளில் ஆபத்து. சில வங்குகள் உயரம் குறைவானவை, ஸ்க்ரூவின் முனை அடித்தகட்டைத் தொட்டுவிடும். வங்குகளோடு அலுமினிய ஆங்கிள் (L வடிவ) சட்டங்களை இணைத்து, அந்தச் சட்டத்தில் பலகையைப் பூட்டுவதே பாதுகாப்பான முறை. 38 × 38 மி.மீ. அளவும் 3 மி.மீ. கனமும் உள்ள ஆங்கிள் இதற்குப் போதும். சட்டத்தை இணைப்பதற்காக வங்கை வெட்டிக் குறைக்காதீர்கள். படகின் உடலைத் தாங்கி நிற்பவை அவையே.

12 மி.மீ. பலகைக்குத் தாங்கிகள் 40 செ.மீ. இடைவெளிக்குள் இருக்கட்டும். காலடியில் பலகை தொய்வதாகத் தோன்றினால் கனமான பலகைக்கு மாறுவதைவிட இடையில் இன்னொரு குறுக்குச் சட்டம் வைப்பதே மேல். எடையும் குறையும், ஸ்க்ரூ பிடிக்க இன்னோர் இடமும் கிடைக்கும்.

பலகையில் இரண்டு தேவைகள். முதலாவது, அடுக்குகளை ஒட்டிய பசை தண்ணீரில் விடக் கூடாது. இரண்டாவது, உள்ளடுக்குகளில் வெற்றிடம் இருக்கக் கூடாது. பிஎஸ் 1088 என்ற பிரிட்டிஷ் தரமுள்ள மரைன் பிளைவுட் இரண்டையும் நிறைவு செய்யும். விலை கூடுதல் என்று நினைப்பவர்கள் வெளிப்புறப் பயன்பாட்டுக்கான, நீர் தாங்கும் பசையால் ஒட்டிய பலகையை வாங்கி, நன்றாகப் பூச்சுப் பூசிப் பயன்படுத்தலாம். ஆனால் செம்பு கலந்த மருந்து ஏற்றிய பலகையை அலுமினியப் படகில் வைக்கவே கூடாது. ஈரம் பட்டதும் அந்தச் செம்பு அலுமினியத்தை அரித்துக் குழி பறிக்கும். ‘பூச்சி அரிக்காது, மக்காது’ என்று கடையில் புகழ்ந்து கொடுக்கும் பலகை அந்த வகையா என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே வாங்குங்கள்.

அட்டையில் மாதிரி வெட்டி, படகில் வைத்துச் சரிபார்த்துவிட்டுப் பலகையை அறுங்கள். இங்கே புதியவர்கள் மறப்பது கார்ப்பெட்டின் கனம். கார்ப்பெட் விளிம்பைச் சுற்றி மடிந்து அடிப்பக்கம் போகும். அதன் கனம் 3 மி.மீ. என்றால், இரண்டு பலகைகள் சந்திக்கும் இடத்தில் இருபுறமும் சேர்த்து 6 மி.மீ., அதற்கு மேல் எளிதாகத் தூக்குவதற்கு 2 மி.மீ., ஆக 8 மி.மீ. இடைவெளி வேண்டும். படகின் பக்கச் சுவரோரம் கார்ப்பெட்டுக்கு 3 மி.மீ.யும் அதற்கு மேல் 5 மி.மீ.யும் விடுங்கள். பலகையை இறுக்கமாக அறுத்துவிட்டுக் கார்ப்பெட்டோடு அடித்து உள்ளே இறக்குபவர்கள், பின்னால் அதைக் கழற்றும்போது விளிம்பைக் கிழிக்காமல் எடுக்க முடியாது.

இரண்டு பலகைகளும் ஒரே 38 மி.மீ. ஆங்கிளில் சந்தித்தால் 8 மி.மீ. இடைவெளி போக ஒவ்வொன்றுக்கும் 15 மி.மீ. மட்டுமே தாங்கல் கிடைக்கும். விளிம்புக்கு அவ்வளவு நெருக்கத்தில் துளை போட்டால் பிளைவுட்டின் அடுக்குகள் பிளந்துகொள்ளும். விளிம்பிலிருந்து 25 மி.மீ. உள்ளே துளை வருவதே நல்லது. ஆகவே மூட்டு வரும் இடங்களில் இரண்டு ஆங்கிள்களை முதுகோடு முதுகாக வையுங்கள்.

கார்ப்பெட்டுக்கு முன்பே எல்லாத் துளைகளும்

வெறும் பலகையை இடத்தில் வைத்து, இடைவெளிகளைச் சரிசெய்து, கிளாம்ப் போட்டு அசையாமல் நிறுத்துங்கள். துளைகளை இப்போதே போட்டுவிட வேண்டும். கார்ப்பெட் ஒட்டிய பிறகு டிரில் அந்தப் பலகையின் பக்கமே போகக் கூடாது.

முதலில் ஒரு மூலையில் 3 மி.மீ. பிட்டால் பலகையும் ஆங்கிளும் சேர்த்துத் துளையிட்டு, அதில் ஓர் ஆணியைச் செருகி வையுங்கள். எதிர்மூலையிலும் அப்படியே. இனிப் பலகை நகராது. மற்றத் துளைகளை விளிம்போரம் 20 செ.மீ.க்கு ஒன்று, நடுச் சட்டங்களில் 30 செ.மீ.க்கு ஒன்று என்ற கணக்கில் போடுங்கள். இதைவிட நெருக்கமாகப் போட்டால் வலுக்கூடும் என்று எண்ண வேண்டாம். துளைகளின் எண்ணிக்கைதான் கூடும்.

டிரில் பிட்டில் தேவையான ஆழத்தில் நிறநாடா ஒன்றைச் சுற்றிவிடுங்கள். பலகை 12, ஆங்கிள் 3, மொத்தம் 15 மி.மீ. நாடாவை 18 மி.மீ.யில் சுற்றினால் போதும், பிட் அதற்குக் கீழே போகாது. எரிபொருள் குழாய் போகும் வரியில் துளை வருகிறதா என்று நீங்கள் வரைந்த தாளை இந்த நேரத்தில் மறுபடி பாருங்கள்.

பலகையை எடுக்குமுன் ஒவ்வொரு துளையின் மேலும் பெரிய கூட்டல் குறி ஒன்று வரையுங்கள். கோடுகள் நான்கு பக்கமும் 5 செ.மீ. நீளட்டும். இதன் பயன் அடுத்த வேலையில் தெரியும். பலகைகளின் அடியில் வரிசை எண்ணையும் அணியம் இருக்கும் திசையையும் எழுதிவைக்க மறக்காதீர்கள்.

துளையை மூடிவிட்டு மறுபடி திறப்பது

தளம் பத்தாண்டு நிற்குமா, இரண்டாண்டில் இற்றுப்போகுமா என்பது இந்த வேலையில்தான் தீர்மானமாகிறது. பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

பலகையின் மேற்பரப்பில் எவ்வளவு பூச்சுப் பூசினாலும், துளையின் உட்சுவரில் அடுக்குகளின் நுனிநார் வெளியே தெரிகிறது. மரம் தண்ணீரை வேகமாக உறிஞ்சுவது அந்த நார்களின் நுனி வழியாகத்தான். கார்ப்பெட்டில் தேங்கும் நீர் ஸ்க்ரூவின் தண்டு வழியாக இறங்கி அங்கே சேரும். ஸ்க்ரூவின் தலை மேலே மூடியிருப்பதால் அந்த ஈரம் காயவும் வழியில்லை.

ஆகவே பலகையில் போட்ட 3 மி.மீ. துளை ஒவ்வொன்றையும் 12 மி.மீ. ஆகப் பெரிதாக்குங்கள். ஆங்கிளில் உள்ள துளையை இப்போது தொட வேண்டாம். பலகையின் அடிப்பக்கம் நாடா ஒட்டி மூடிவிட்டு, துளையின் உட்சுவரில் முதலில், இரண்டு திரவங்களைக் கலந்தால் கெட்டியாகும் பிசினான எப்பாக்சியைத் தூள் எதுவும் சேர்க்காமல் சிறு தூரிகையால் தடவுங்கள். மரம் அதைக் குடிக்கும். அது ஒட்டும் பதத்துக்கு வந்ததும், நிரப்பித்தூள் சேர்த்துக் கெட்டியாக்கிய எப்பாக்சியால் துளையை முழுவதும் நிரப்புங்கள். காற்றுக்குமிழி தங்காமல் இருக்க ஒரு குச்சியால் குத்திக் குத்தி நிரப்ப வேண்டும். மறுநாள் கெட்டியான பிறகு, மேலே புடைத்திருப்பதை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துச் சமன் செய்யுங்கள். பென்சில் கோடுகள் இருபுறமும் நீண்டிருப்பதால், அளவுகோலை வைத்து இணைத்தால் பழைய துளையின் நடுப்புள்ளி மீண்டும் கிடைத்துவிடும். அந்தப் புள்ளியில், எம்5 (5 மி.மீ. தண்டுள்ள) போல்ட் தடையில்லாமல் நுழைய 5.5 மி.மீ. துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி இருப்பது மூன்று மில்லிமீட்டருக்கு மேல் கனமுள்ள எப்பாக்சிச் சுவர். தண்ணீர் வந்தாலும் மரத்தைத் தொடாது. போல்ட்டை இறுக்கும்போது பலகை நசுங்காமல் அந்தச் சுவரே பாரத்தையும் தாங்கிக்கொள்ளும்.

துளைகள் முடிந்தபின் பலகை முழுவதற்கும், இரண்டு பக்கமும், எப்பாக்சி இரண்டு முறை பூசுங்கள். விளிம்புகளுக்கு மூன்றாவது முறையும் வேண்டும். கார்ப்பெட் பசை நன்றாகப் பிடிக்க மேற்பக்கத்தைப் பச்சையாக விட்டுவிடலாம் என்று சிலர் சொல்வதுண்டு. அதை நான் ஏற்கவில்லை. நாள் முழுவதும் ஈரக் கார்ப்பெட்டைச் சுமக்கப்போவது அந்த மேற்பக்கம்தான். எப்பாக்சி காய்ந்தபின் மேலே மெழுகுபோல் ஒரு படலம் படியலாம். அதைத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, 80 எண் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கினால் பசை உறுதியாகப் பிடிக்கும்.

எப்பாக்சி கலக்கும்போது கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். தோலில் பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடும். ஒருமுறை வந்தால் பிறகு எப்போதும் எப்பாக்சியைத் தொட முடியாத நிலைகூட ஏற்படலாம்.

கார்ப்பெட் ஒட்டுவது

வீட்டுக் கார்ப்பெட் இதற்கு ஆகாது. பாலிப்ரொப்பிலீன் நூலால் நெய்த படகுக் கார்ப்பெட்டை வாங்குங்கள். அந்த நூல் தண்ணீரை உறிஞ்சாது, மக்காது. நூல் சுருள் சுருளாக மடிந்திருக்கும் வகையைவிட, நுனி வெட்டிய வகை நல்லது. சுருளில் தூண்டில் முள் மாட்டினால் வரிசையே பிரிந்து வந்துவிடும்.

பலகையைவிட எல்லாப் பக்கமும் 7, 8 செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். கையால் தடவினால் நூல் ஒரு திசையில் படியும். எல்லாப் பலகையிலும் அந்தத் திசை ஒன்றாக இருக்கட்டும். இல்லாவிட்டால் ஒரே சுருளிலிருந்து வெட்டியவைகூட வெயிலில் வேறுவேறு நிறமாகத் தெரியும்.

வெளிப்புறப் பயன்பாட்டுக்கான, நீரில் கரையாத கார்ப்பெட் பசையைப் பல் வைத்த கரண்டியால் பலகையில் சீராகப் பரப்பி, டப்பாவில் சொல்லியிருக்கும் நேரம் காத்திருந்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அழுத்தி ஒட்டுங்கள். பிறகு கவிழ்த்து வைத்து, விளிம்புகளை இழுத்து மடித்து அடியில் ஸ்டேப்பிள் அடியுங்கள். ஸ்டேப்பிள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும் 8 மி.மீ. நீளத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். மூலைகளில் கூடுதல் துணியை வெட்டி எடுத்துவிட்டால் இரண்டு மடிப்பும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாது.

இங்கே ஒரு நுணுக்கம். விளிம்பில் கார்ப்பெட் மடிந்து அடியில் வந்துவிட்டதால், பலகை ஓரங்களில் 3 மி.மீ. உயர்ந்து நிற்கும். நடுவில் இருக்கும் சட்டத்தை அது தொடாது. அங்கே போல்ட்டைப் போட்டு இறுக்கினால் பலகை குழிந்து வளையும், குழியில் தண்ணீர் நிற்கும். நடுச் சட்டங்களின் மேல் 3 மி.மீ. கனமுள்ள ரப்பர் பட்டையோ பிளாஸ்டிக் பட்டையோ ஒட்டிவிட்டால் எல்லாம் ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். நடக்கும்போது கீச்சென்று வரும் ஓசையும் நின்றுவிடும். கார்ப்பெட் துண்டையே பட்டையாக வைப்பவர்களும் உண்டு. அது அலுமினியத்தின் மேல் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும் என்பதால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

கார்ப்பெட்டில் வழி திறப்பது

சுழலும் பிட்டின் பள்ளத்தில் ஒரு நூல் மாட்டினால் போதும், பம்பரத்தில் சாட்டை ஏறுவதுபோல் வரிசை முழுவதும் சுற்றிக்கொண்டு வந்துவிடும். ஸ்க்ரூவின் மரையும் அப்படித்தான் நூலைப் பிடிக்கும். எனவே துளை சுழலாமல் திறக்கப்பட வேண்டும்.

பலகையைக் கவிழ்த்து, அடியிலிருந்து 5.5 மி.மீ. துளை வழியாகக் குத்தூசியைச் செலுத்துங்கள். மேற்பக்கம் ஊசிமுனை எட்டிப்பார்க்கும் இடம்தான் உங்கள் புள்ளி. பலகையைத் திருப்பி வைத்து, அந்த இடத்தில் நூல்களை விரலால் இருபுறமும் ஒதுக்கிவிட்டு, சால்டரிங் அயர்னின் சூடான முனையை நேராக உள்ளே இறக்குங்கள். பாலிப்ரொப்பிலீன் சுமார் 160 டிகிரி செல்சியஸில் உருகும். முனை சற்று நேரத்தில் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். மெல்ல ஒரு சுற்றுச் சுற்றி எடுத்தால், அறுந்த நூல்களின் நுனிகள் உருகி ஒன்றோடொன்று ஒட்டி, துளையைச் சுற்றிப் பளபளப்பான ஒரு வளையம் உருவாகியிருக்கும். அந்த வளையம் இருக்கும்வரை நூல் பிரியாது. துளை 6, 7 மி.மீ. அகலம் இருந்தால் போல்ட்டின் மரை எதையும் தொடாது. வாஷர் அதை முழுவதும் மூடிவிடும்.

இந்த வேலையைப் படகுக்குள் செய்யாதீர்கள். பெட்ரோல் தொட்டியின் அருகிலும் செய்யாதீர்கள். பசையின் ஆவியும் தீப்பற்றக்கூடியது. பசை முழுவதும் காய்ந்து, வாடை போன பிறகு, திறந்தவெளியில் செய்யுங்கள். புகையை முகர வேண்டாம்.

சூடு வைக்கத் தயங்குபவர்கள், தோல் வேலைக்காரர்கள் பயன்படுத்தும் குழாய்த் துளைப்பானைப் புள்ளியில் வைத்துச் சுத்தியலால் ஓர் அடி அடிக்கலாம். வட்டமாகத் துணி வந்துவிடும். கத்தியால் கூட்டல் குறி போல் கீறுவது கடைசி வழி. கீறிய நுனிகள் நாளடைவில் பிரியும்.

எதைக் கொண்டு பூட்டுவது?

கடையில் கிடைக்கும் ஸ்க்ரூக்களில் பாதிக்கு மேல் இந்த வேலைக்குப் பொருந்தாதவை. கறுப்பு நிற ஜிப்சம் போர்டு ஸ்க்ரூ துருப்பிடித்து முறியும். துத்தநாக முலாம் பூசியது சில மாதங்களில் முலாம் போய்த் துருவேறும். பித்தளை அழகாக இருந்தாலும், அதில் செம்பு இருப்பதால் அலுமினியத்தை அரிக்கும். மிஞ்சுவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். நன்னீரில் 304 தரம் போதும். கடல்நீருக்கு 316 வேண்டும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் அலுமினியமும் ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு உண்டு, அரிபடுவது அலுமினியம்தான். உப்புநீரில் அது வேகமாக நடக்கும். ஒவ்வொரு போல்ட்டின் மரையிலும் உலோகங்களைப் பிரித்து வைக்கும் பசையைத் தடவிப் பூட்டினால் அரிப்பும் தடைபடும், சில ஆண்டுகள் கழித்துக் கழற்றும்போது போல்ட் இறுகிப் போயிருக்காது. செம்புத்தூள் கலந்த பசையை மட்டும் இங்கே பயன்படுத்தாதீர்கள்.

தகரத்தில் தானே மரையிட்டுக்கொண்டு ஏறும் ஸ்க்ரூவைத்தான் பெரும்பாலானோர் போடுகிறார்கள். 4.8 மி.மீ. ஸ்க்ரூவில் ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் இடையே 1.6 மி.மீ. தூரம். 3 மி.மீ. ஆங்கிளில் முழுதாக இரண்டு மரைகூடப் பிடிக்காது. அலையில் படகு குதிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த மெல்லிய அலுமினிய மரை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறது. எம்5 போல்ட்டில் மரை இடைவெளி 0.8 மி.மீ. அதே ஆங்கிளில் 4.2 மி.மீ. துளையிட்டு, டேப் எனும் மரை வெட்டும் கருவியால் மரை வெட்டினால் கிட்டத்தட்ட நான்கு மரை பிடிக்கும். அதைவிடவும் சிறந்தது ரிவெட் நட், அதாவது தகட்டுத் துளையில் நிலையாகப் பொருத்தும், உள்ளே மரை உள்ள குழாய் போன்ற நட். ஆங்கிளில் எம்5-க்கு 7 மி.மீ. துளை போட்டு, கருவியால் இழுத்துப் பொருத்திவிட்டால் ஆழமான மரை நிரந்தரமாகக் கிடைத்துவிடும். பல முறை கழற்றிப் பூட்டினாலும் எளிதில் தேயாது. முதல் செலவு கூடினாலும் நான் பரிந்துரைப்பது இதைத்தான்.

அகலத் தலை கொண்ட அலுமினிய பாப் ரிவெட்டும் (உள்கம்பியைக் கருவியால் இழுத்து ஒரே பக்கத்திலிருந்து பொருத்தும் ஆணி) ஒரு வழி. வேகமான வேலை, அரிப்புத் தொல்லையும் குறைவு. ஆனால் கழற்ற வேண்டுமானால் ஒவ்வொன்றையும் டிரில்லால் துளைத்தெடுக்க வேண்டும், அப்போது அதே கார்ப்பெட் நூல் தொல்லை திரும்பி வரும். ஒருபோதும் தூக்க வேண்டியிராத சிறு மேடைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது உள்கம்பியும் அலுமினியம்தானா என்று பாருங்கள். சாதாரண இரும்புக் கம்பி துருப்பிடித்துக் கார்ப்பெட்டில் கறை இறக்கும்.

போல்ட்டின் நீளத்தைக் கணக்கிட்டு வாங்குங்கள். கார்ப்பெட் 3, பலகை 12, அடியில் மடிப்போ பட்டையோ 3, ஆங்கிள் 3, மொத்தம் 21 மி.மீ. நேரடியாக மரை வெட்டிய ஆங்கிளுக்கு 25 மி.மீ. போல்ட் சரியாக இருக்கும். ரிவெட் நட்டுக்கு 30 மி.மீ. வேண்டும். சட்டத்துக்கும் அடித்தகட்டுக்கும் இடையே அந்த முனைக்கு இடம் இருக்கிறதா என்று குச்சி விட்டு அளந்துகொள்ளுங்கள்.

தலை தட்டையாகப் பரந்த வகையாக இருக்கட்டும், அடியில் அகல வாஷர் போடுங்கள். குழிக்குள் இறங்கும் கூம்புத் தலையை வாஷர் இல்லாமல் போட்டால் கார்ப்பெட்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு உள்ளே போகும். கூம்புத் தலைதான் பிடிக்கும் என்றால் கிண்ண வடிவ வாஷருடன் பயன்படுத்துங்கள், வெறுங்காலில் மிதித்தாலும் உறுத்தாது.

பூட்டும் வரிசை

ரிவெட் நட்டுகளைப் பொருத்தும் வேலையைப் பலகை இறங்கும் முன்பே முடித்துவிடுங்கள். துளையிடும்போது விழுந்த அலுமினியத் துருவல்களை ஒன்றுவிடாமல் கூட்டியெடுங்கள். அவை பம்பில் போய் அடைத்துக்கொள்ளும்.

நடுப்பலகையை முதலில் இறக்குங்கள். துளைக்குள் கொஞ்சம் பாலியூரித்தேன் சீலன்ட் விட்டு, போல்ட்டைக் கையால் திருகி நுழையுங்கள். நிரந்தரமாக ஒட்டிவிடும் வகைச் சீலன்ட் வேண்டாம். வாஷரின் மேல் சுற்றிப் பூசுவதும் வீண், கார்ப்பெட்டின் நூல்களுக்கிடையே தண்ணீர் எப்படியும் அடியில் போய்விடும். எல்லாப் போல்ட்டையும் தளர்வாக நுழைத்த பிறகு, நடுவிலிருந்து ஓரத்துக்குப் போய் ஒவ்வொன்றாக இறுக்குங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் கடைசித் துளைகள் ஒத்துவராமல் போகும்.

இறுக்குவதற்குத் திருப்புளிதான், மின்கருவி வேண்டாம். வாஷர் நூலுக்குள் அமிழ்ந்து, கார்ப்பெட்டின் அடித்துணியைத் தொட்டு, பலகை அசையாமல் நின்றதும் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் ஒரு சுற்றுக் கொடுத்தால் வாஷரைச் சுற்றிக் கிண்ணம்போல் குழி விழும்.

எல்லாப் பலகையையும் போல்ட்டால் பூட்டக் கூடாது. பம்ப், எரிபொருள் இணைப்பு, அமரத்தில் உள்ள வடிகால் அடைப்பான் ஆகியவற்றின் மேல் வரும் பலகைகளைக் கருவி இல்லாமல் தூக்க முடிய வேண்டும். அவற்றுக்குத் திருப்பும் தாழ்ப்பாள் இரண்டு போதும். படகுக்குள் தண்ணீர் ஏறும் நேரத்தில் திருப்புளி தேடிக்கொண்டிருக்க முடியாது. இருக்கைத் தண்டு வரும் இடத்தில் பலகையின் அடியில் அலுமினியத் தகடு வைத்து, ஊடுருவும் போல்ட்டும் பூட்டு நட்டும் போடுங்கள். மரத்தில் மட்டும் பிடித்த ஸ்க்ரூ, சாய்ந்து உட்காரும் ஆளின் எடையை நெடுநாள் தாங்காது.

ஃபைபர் படகாக இருந்தால்

பக்கச் சுவரிலும் நீளவாட்டுச் சட்டங்களிலும் மரத் தாங்கிகளை எப்பாக்சியாலும் கண்ணாடி இழைத் துணியாலும் ஒட்டி, அந்தத் தாங்கியில் ஸ்டெயின்லெஸ் மர ஸ்க்ரூவால் பலகையைப் பூட்டுவது வழக்கம். தாங்கியில் போடும் துளைகளுக்கும் மேலே சொன்ன நிரப்பித் திறக்கும் முறை பொருந்தும். பழைய படகுகளில் நீளவாட்டுச் சட்டத்தின் உள்ளே மரம் இருக்கும். அதில் பூச்சில்லாத துளை போட்டுவிட்டால் படகின் முதுகெலும்புக்கே தண்ணீர் விட்டதாகிவிடும். ஃபைபரின் பளபளப்பான மேற்பூச்சில் ஸ்க்ரூ நேராக ஏறினால் அந்தப் பூச்சு நட்சத்திரம்போல் விரிசல் விடும். துளையின் வாயை முதலில் சற்றுச் சரிவாக்கிக்கொள்ளுங்கள்.

முதல் சில பயணங்களுக்குப் பிறகு

கார்ப்பெட் மிதிபட்டு அமுங்கும், அதனால் போல்ட்டுகள் சற்றுத் தளரும். முதல் பயணம் முடிந்ததும் எல்லாவற்றையும் கால் சுற்று இறுக்கிப் பாருங்கள். கடலில் போய்வந்தால் நன்னீரால் கார்ப்பெட்டைக் கழுவுங்கள். படகை மூடி வைக்கும்போது தாழ்ப்பாள் பலகைகளைத் தூக்கிச் சாய்த்து வையுங்கள், அடியில் காற்று ஓடட்டும்.

ஆண்டுக்கொருமுறை, தண்ணீர் அதிகம் தேங்கும் அமரப் பக்கத்தில் ஒரு போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். மரையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தால் அலுமினியம் அரிபடத் தொடங்கிவிட்டது. எல்லாப் போல்ட்டையும் எடுத்துத் துடைத்து, பசை தடவித் திரும்பப் பூட்டுங்கள். துளைக்குள் விளக்கடித்துப் பார்த்தால் எப்பாக்சிச் சுவர் முழுதாகத் தெரிய வேண்டும். எங்காவது மரம் கறுத்துத் தெரிந்தால் பலகையை வெளியே எடுத்து நன்றாக உலரவிட்டு, கறுத்த பகுதி முழுவதும் போகும்வரை துளையை அகலமாக்கி, மறுபடி எப்பாக்சியால் நிரப்பித் துளையிடுங்கள். கறுப்பு விரற்கடை அகலத்துக்கு மேல் பரவியிருந்தால் அந்தப் பலகையை மாற்றிவிடுங்கள். பழைய பலகையையே மாதிரியாக வைத்துப் புதியதை அறுக்கலாம், ஆங்கிளில் உள்ள ரிவெட் நட்டுகள் அப்படியே பயன்படும்.